திண்ணை வைத்த நீதிமன்றம்

கேள்வி: அமெரிக்கக் கிராமப்புற நீதிமன்றங்கள் எல்லாம் மணிக்கூண்டும் பெருந்தூண்களுமாகத்தான் இருக்குமா? பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதுங்களேன். – வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: மணிக்கூண்டும் தூண்களும் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. அதற்கு முந்தைய பாணியை அறிய, வர்ஜீனியா மாநிலத்தின் ஹானோவர் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தைப் பார்க்க வேண்டும். வர்ஜீனியா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, 1740ஐ ஒட்டி எழுந்த அந்தச் செங்கல் கட்டடம் ஒரே தளம் கொண்டது. அதன் தரைப்படம் ஆங்கில 'T' எழுத்தின் வடிவில் அமைந்தது.

அதன் உயிர் முகப்பில்தான் இருக்கிறது என்பேன். ஐந்து வளைவுகள் வரிசையாக நிற்கும் திறந்த தாழ்வாரம் அது. நம் வீட்டுத் திண்ணை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்தது. மாதந்தோறும் நீதிமன்றம் கூடும் நாளில் தொலைவிலிருந்து குதிரையேறி வந்தவர்கள், தங்கள் வழக்கைக் கூப்பிடும்வரை மழைக்கும் வெயிலுக்கும் அங்கே ஒதுங்கி நின்று, புகையிலை விலையையும் கொடுக்கல் வாங்கலையும் பேசிக்கொண்டார்கள். சுவரை நெருங்கிப் பார்த்தால், ஒரு செங்கல் நீளவாக்கிலும் அடுத்தது குறுகிய முகம் தெரியும்படியும் மாறி மாறி வைக்கப்பட்டிருப்பது புலப்படும். சூளையில் நெருப்புக்கு அருகே வெந்து, கண்ணாடிப் பூச்சுப் பெற்ற கருநீலக் கற்களைக் குறுகிய முகங்களுக்குப் பொறுக்கி வைத்ததால், சுவரே கட்டம் போட்ட துணிபோல் தோன்றுகிறது.

இவ்வளவு எளிய கட்டடத்துக்குப் புகழ் தேடித் தந்தது 1763 டிசம்பர் 1 அன்று நடந்த விசாரணை. அங்கே பாதிரியார்களுக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு எடைப் புகையிலை. 1758இல் வறட்சியால் புகையிலை விலை ஏறியபோது, பவுண்டுக்கு இரண்டு பென்னி வீதம் பணமாகக் கொடுத்தால் போதும் என்று வர்ஜீனியா சட்டமன்றம் விதித்தது. லண்டனில் மன்னர் தரப்பு அதைச் செல்லாததாக்கவே, ஜேம்ஸ் மோரி என்ற பாதிரியார் பாக்கியைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். எதிர்த்தரப்பில் வாதாடிய பேட்ரிக் ஹென்றிக்கு வயது 27. தலைமை நீதிபதியாக அமர்ந்திருந்தவரோ அவருடைய தந்தை! (இன்றைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) நல்ல சட்டத்தை ரத்து செய்யும் மன்னர் கொடுங்கோலராகிவிடுகிறார் என்று ஹென்றி வாதிட, 'துரோகம்' என்ற முணுமுணுப்பு அவையில் எழுந்தது. வழக்கில் பாதிரியாருக்கே வெற்றி என்றாலும், ஜூரிகள் அளித்த இழப்பீடு ஒரே ஒரு பென்னி. அந்த வழக்கறிஞர்தான் 1776இல் சுதந்திர வர்ஜீனியாவின் முதல் ஆளுநரானார்.

கட்டடத்தின் உட்புறம் பிற்காலத்தில் பல மாற்றங்களைக் கண்டிருக்கிறது. 1973இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழைய ஆவணங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட அவற்றில் பெரும்பாலானவை, 1865 ஏப்ரலில் அந்நகரில் மூண்ட தீயில் எரிந்துபோயின. கிராமத்திலேயே விடப்பட்ட கட்டடம் தப்பியது.