சர்வர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பாஸ்வேர்ட் போட்டு பாருங்க

கேள்வி: சார், சிவகாசில சின்னதா ஆஃப்செட் பிரஸ் வச்சிருக்கேன். டிசைனுக்கு ரெண்டு மேக், பிளேட் எடுக்கற சிடிபிக்கு ஒரு விண்டோஸ் 7 சிஸ்டம் (அதோட ரிப் சாஃப்ட்வேர், அதாவது பக்கத்த பிளேட்டுக்கு மாத்தற சாஃப்ட்வேர், அதுக்கான பூட்டுசாவி டாங்கிள் புது விண்டோஸ்ல ஓடாதுனு சொல்லிட்டாங்க), பில்லிங்குக்கு ரெண்டு விண்டோஸ் 10, எல்லா ஃபைலும் ஒரு பழைய நாஸ் பெட்டில (நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் எடுக்கற டிஸ்க் பெட்டி) கெடக்கு. போன மாசம் ரெண்டு விண்டோஸ் 11 லேப்டாப் வாங்குனோம், அதுல மட்டும் நாஸ் தொறக்க மாட்டேங்குது. மாடில வைஃபைல உக்காந்தா இன்டர்நெட் நல்லா வருது, ஆனா கீழ இருக்கற பிரிண்டர் தெரியல. சர்வீஸ் பண்றவர் "பழசும் புதுசும் கலந்தா இப்டிதான், சர்வர் போட்டாதான் சரி வரும்"னு 1,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன் குடுத்துருக்கார். ஆடி 18-க்கு காலண்டர் ஆல்பம் வெளிய வரணும், வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க அண்ணாச்சி. நீங்க சொன்னதுல ரெண்டு தனித்தனி பிரச்சனை இருக்கு, ரெண்டுக்கும் சர்வருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த சர்வர கொண்டுவந்து வச்சாலும் மாடி லேப்டாப்புக்கு பிரிண்டர் தெரியப்போறதில்ல.

முதல்ல நாஸ். புது லேப்டாப்ல தொறக்கும்போது "உங்க ஆர்கனைசேஷனோட செக்யூரிட்டி பாலிசி கெஸ்ட் அனுமதிய தடுக்குது"ங்கற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வருதா பாருங்க. நம்ம பிரஸ்ஸுக்கு ஏது ஆர்கனைசேஷன் பாலிசின்னு குழம்ப வேணாம், அது மைக்ரோசாஃப்டோட பாலிசி. 2024 அக்டோபர்ல வந்த 24ஹெச்2 வெர்ஷன்ல இருந்து விண்டோஸ் 11 ப்ரோ, பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்ட்டா ஷேர் ஃபோல்டருக்குள்ள போறத தானாவே நிறுத்திடுச்சு, அதோட வர்ற போற ஒவ்வொரு பாக்கெட்லயும் கையெழுத்து கேக்கும், அதுக்கு பேரு எஸ்எம்பி சைனிங் (எஸ்எம்பிங்கறது ஷேர் ஃபைல் எடுக்க மெஷினுங்க பேசிக்கற பாஷை), கெஸ்ட்டால அந்த கையெழுத்து போடவே முடியாது. உங்க நாஸ்ல என்னிக்கோ யாரோ "எல்லாருக்கும் ஓப்பன்"னு வச்சுட்டு போயிருப்பாங்க, பழைய மெஷினெல்லாம் அதுலயே பழகிப்போச்சு.

வழி சிம்பிள். நாஸோட அட்மின் பேஜ்ல போய் ஒவ்வொருத்தருக்கும் ஒரு யூசர் நேம், பாஸ்வேர்ட் போடுங்க, ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தா அதையும் பண்ணிருங்க, லேப்டாப்ல அந்த பேர் குடுத்து உள்ள போங்க. அரை மணி நேர வேலை. பைசா செலவில்ல.

ஒன்னு மட்டும் செய்ய விடாதீங்க. சில பேர் இந்த மாதிரி வந்தா புது மெஷின்ல அந்த பாஷையோட ரொம்ப பழைய வெர்ஷனான எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணிட்டு சரியாயிருச்சுனு போயிருவாங்க. 2017 மே மாசம் ஃபைல பூட்டி பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகம் பூரா பரவுனது அந்த எஸ்எம்பி 1-ல இருந்த ஓட்டை வழியாத்தான், அதே வருஷ கடைசில இருந்து புதுசா போடற விண்டோஸ் 10-ல அத போடறதயே நிறுத்திட்டாங்க. உங்க விண்டோஸ் 7-க்காகவும் அது தேவையில்ல, விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 வரைக்கும் தெரியும், எக்ஸ்பி மெஷின்தான் 1-ஐ விட்டா வேற பேசாது. மேக் 2013-ல வந்த மாவரிக்ஸ்ல இருந்தே எஸ்எம்பியத்தான் முதல்ல எடுத்துக்குது. ஆக நாஸ்ல குறைந்தபட்சம் எஸ்எம்பி 2-னு வச்சுட்டா உங்க கடைல இருக்கற அத்தன பேரும் ஒரே பாஷை பேசிக்குவாங்க. நாஸ் ரொம்ப கெழடா இருந்து அதுல 1-ஐ தவிர எதுவுமே இல்லேன்னா அப்ப மாத்தவேண்டியது நாஸ மட்டும்தான்.

இன்னொன்னு, எக்ஸ்ப்ளோரர்ல இடது பக்கம் நெட்வொர்க்னு இருக்கற லிஸ்ட்ல நாஸ் பேர் வரலைன்னு பதறாதீங்க, அந்த பழைய லிஸ்ட்டு எஸ்எம்பி 1-ஓட சேந்து ஓடுனது. அட்ரஸ் பார்ல ரெண்டு பின்சாய்வு கோடு போட்டு நாஸோட ஐபிய (நெட்வொர்க்ல அதோட நம்பர் விலாசம்) அடிங்க, தொறந்தா கனெக்ஷன் நல்லாத்தான் இருக்கு.

அடுத்து மாடி. ஃபைபர் கம்பெனிக்காரங்க குடுத்த பெட்டி கீழ இருக்கும், சிக்னல் வரலன்னு கடைல ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி மாடில மாட்டிருப்பீங்க, கீழ இருந்து வர்ற கேபிள அதோட வேன் (WAN, இன்டர்நெட் உள்ள வர்ற) போர்ட்ல சொருகிருப்பீங்க, சரியா? நான் பாத்த சின்ன ஆஃபீஸ்ல பாதிக்கு இதான் வியாதி. மாடி லேப்டாப்ல ஐபி என்னன்னு பாருங்க, கீழ இருக்கற பில்லிங் சிஸ்டத்துலயும் பாருங்க. கீழ 192.168.1-ல ஆரம்பிச்சு மேல 192.168.0-னு வந்தா, ஒரே கட்டடத்துல ரெண்டு தனித்தனி தெரு ஆயிடுச்சுனு அர்த்தம். மேல் தெருவுல இருந்து இன்டர்நெட்டுக்கு வழி இருக்கு, ஐபி அடிச்சா கீழ இருக்கற பிரிண்டருக்குகூட போயிரலாம், ஆனா "யாரு இருக்கீங்க"னு கூப்பிடற சத்தம் தெரு தாண்டாது, கீழ இருந்து மாடிக்கு ஸ்கேன் அனுப்பவும் முடியாது.

மாடி ரவுட்டர்ல ஏபி மோடுனு (தனி தெரு போடாம வைஃபை மட்டும் குடுக்கறது) இருந்தா அத போடுங்க. இல்லேன்னா அதோட ஐபிய 192.168.1.2 மாதிரி மாத்தி, டிஹெச்சிபிய (மெஷினுக்கெல்லாம் தானா ஐபி குடுக்கற வேலை) ஆஃப் பண்ணிட்டு, கேபிள வேன்ல இருந்து உருவி லேன் போர்ட்ல சொருகுங்க. வரிசை முக்கியம், டிஹெச்சிபிய ஆஃப் பண்ணாம கேபிள மட்டும் மாத்துனா ரெண்டு பெட்டியும் போட்டி போட்டுக்கிட்டு ஐபி குடுக்கும், அப்புறம் காலைல வேலை செய்யும் சாயங்காலம் செய்யாது. நான் ஒருதடவ இத மறந்துட்டு ரெண்டு நாள் பிரிண்டர திட்டிட்டு இருந்தேன். எதாவது மெஷின்ல 169.254-னு ஐபி வந்தா, அதுக்கு ஐபி குடுக்க யாருமே இல்லைனு அர்த்தம், கேபிள பாருங்க. நாஸுக்கும் பிரிண்டருக்கும் நிரந்தர ஐபி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டி வைங்க.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட அப்டேட் நின்னுபோச்சு, ஆனா டாங்கிளுக்காக அத வச்சுத்தான் ஆகணும், எனக்கு புரியுது. அதுக்கு கையால ஐபி போட்டு டீஃபால்ட் கேட்வே கட்டத்த காலியா விட்டுருங்க. நாஸ்ல இருந்து ஃபைல் எடுக்கும், வெளி இன்டர்நெட்டுக்கு வழி தெரியாது. அதுல பென்டிரைவ் சொருகறதயும் நிறுத்துங்க. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, பில்லிங் சிஸ்டம் ரெண்டையும் மெதுவா மாத்தற யோசனைல இருங்க.

நீங்க கேக்கல, ஆனா தமிழ்ல ஃபைல் பேர் வைக்கற பிரஸ்காரங்கனால சொல்றேன். 2017-க்கு முந்தின மேக் ஃபைல் சிஸ்டம் "கோ"ல இருக்கற ஓகார குறிய ஏகார கொம்பு தனி, கால் தனினு பிரிச்சு சேமிக்கும், விண்டோஸ்ல அடிச்சா அது ஒரே குறி. அந்த மாதிரி மேக்ல இருந்து சில பேக்கப் டூல் வழியா லினக்ஸ் நாஸுக்கு போனா ஒரே ஃபோல்டர்ல ரெண்டு "கோவில்" நிக்கும், கண்ணுக்கு ஒன்னு, மெஷினுக்கு வேற வேற, தேடுனா ஒன்னுதான் கெடைக்கும். பேருக்கு இங்கிலீஷ் எழுத்து, நம்பர் போதும். மேக்ல கேள்விக்குறியெல்லாம் பேர்ல போட விடும், விண்டோஸ் ஏத்துக்காது.

சர்வர் எப்பதான் வேணும்? சாதா விண்டோஸ் 10, 11 ஷேர்ல ஒரே நேரத்துல 20 கனெக்ஷன் வரைக்கும் வரலாம், உங்ககிட்ட இருக்கறது மொத்தமே ஏழு மெஷின். அந்த கொட்டேஷன்ல கால் (CAL) லைசன்ஸ்னு, அதாவது சர்வர பயன்படுத்தறதுக்கான அனுமதின்னு ஒரு வரி இருக்கானு பாருங்க, விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட்னா ஆளுக்கோ மெஷினுக்கோ அது தனியா வாங்கணும், அந்த வரி இல்லேன்னா பின்னாடி இன்னொரு பில் வரும். செலவு பண்ணியே தீரணும்னா ரெண்டு டிஸ்க் போடற நாஸ், அதுக்கு ஒரு யூபிஎஸ், வாரம் ஒருக்கா காப்பி எடுத்து வீட்டுக்கு கொண்டுபோக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். ரெண்டு டிஸ்க் மிரரா ஓடுறது பேக்கப் கெடையாது, தெரியாம அழிச்சா ரெண்டுலயும் சேந்தே அழியும்.

கேள்வி: கோவைல டியூஷன் சென்டர் நடத்துறேன். கேட் 6-னு சொல்லி 100 மீட்டர் கேபிள் வாங்குனேன், கிகாபிட் சுவிட்ச் போட்டும் ஸ்பீடு 100 எம்பிபிஎஸ்ஸ தாண்டல. கடைக்காரர் சுவிட்ச் தப்புங்கறார்.

பதில்: மேடம், ஒரு கம்பிய பிளேடால சுரண்டி பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா அது செம்பு பூசுன அலுமினியம், கேட் 6 தரத்துக்கு முழு செம்பு வேணும். கேபிளும் கைல எடுத்தா லேசா இருக்கும். முழு செம்பா இருந்தா முனைய மறுபடி கிரிம்ப் பண்ணுங்க, 100-க்கு ரெண்டு ஜோடி கம்பி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், ஒன்னு விட்டாலும் 100-க்கு எறங்கிரும். ஒரு ஜிபி வீடியோ 100-ல ஒன்றரை நிமிஷம் எடுக்கும், கிகாபிட்ல பத்து செகண்ட் மாதிரி.

அலுமினியம்னா ஜிஎஸ்டி பில்லோட, சுரண்டுன துண்டோட போட்டோ எடுத்து கடைக்கு எழுத்துல குடுங்க. மசியலன்னா 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, கூப்பிடுங்க. வியாபாரத்துக்கு வாங்குனது நுகர்வோர் சட்டத்துல வராதும்பாங்க, ஆனா 2019 சட்டத்துலயே சுயதொழில் பண்ணி பொழைக்கறதுக்காக தானே பயன்படுத்த வாங்குனா அது வியாபாரத்துக்குன்னு ஆகாதுன்னு விலக்கு இருக்கு, அத சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த கேபிள்ல கேமராவுக்கு கரன்ட் அனுப்பாதீங்க, சூடாகும்.