நெல்லையில் ஸ்டுடியோ, பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர் ஏஐ பயன்படுத்த மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம் அண்ணாச்சி. கேள்வியில் மூன்று வேலைகளைச் சொல்லியிருக்கிறீர்கள்: காலமான அப்பா கல்யாண வீட்டில் பேசி ஆசி சொல்வதுபோல ஒரு வீடியோ, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்காக மங்கிப்போன படத்தைத் தெளிவாக்குவது, தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் கேட்கிற படமும் குரல் பதிவும். இதில் எதற்குமே 'ஏஐ லைசென்ஸ்' என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. ஆனால் மூன்றுக்கும் பொறுப்பு ஒன்றல்ல. மூன்றாவதில்தான் கை சுடும்.

"டெல்லியில் பெர்மிஷன் வாங்கணுமாமே" என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 மார்ச் 1 அன்று ஓர் அறிவுரை விட்டது. சோதனை முழுமையாகாத ஏஐ மாடல்களை இந்தியாவில் மக்கள் கைக்குக் கொடுக்குமுன் அரசின் அனுமதி வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பவே, மார்ச் 15-ல் அதை விலக்கிவிட்டு வேறொன்று வெளியிட்டார்கள். அனுமதி போய்விட்டது, லேபிள் ஒட்டும் கடமை மட்டும் நீடித்தது. அந்த முதல் அறிவுரையும் தளங்களுக்கும் மாடல் தருகிறவர்களுக்கும் சொன்னதுதான், வண்ணார்பேட்டை ஸ்டுடியோவுக்குச் சொன்னதல்ல.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், பாபநாசம் அணையிலேயே ஷட்டரை இறக்குவது ஒரு முறை, தண்ணீரை விட்டுவிட்டு மடைக்கு மடை ஆள் நிறுத்துவது இன்னொரு முறை. ஐரோப்பிய ஒன்றியம் முதல் முறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த அதன் ஏஐ சட்டம் ஆபத்தின் அளவைப் பார்த்து வகை பிரிக்கிறது. தடைசெய்த பயன்பாட்டில் இறங்கினால் அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 7 சதவீதம் வரை போகும். இந்தியா மடைக்காரன் வழியில் போகிறது. 2025 நவம்பரில் வந்த ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்கள் ஏழு சூத்திரங்களைச் சொல்லி, இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களை வைத்தே பார்க்கலாம் என்று நிறுத்திக்கொண்டன. ஆகவே "ஏஐ சட்டம் எது?" என்று தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காது. பழைய சட்டங்களில் எந்தெந்தப் பிரிவு உங்கள் வேலையைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் மடை, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் திருத்தம். 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிஜ ஆள், நிஜ நிகழ்ச்சி என்று நம்பும்படி கணினியில் உருவாக்கிய அல்லது மாற்றிய படம், ஒலி, வீடியோ எல்லாம் இதில் அடங்கும். நிறம் திருத்துவது, இரைச்சல் குறைப்பது, அளவைச் சுருக்குவது போன்ற அன்றாட எடிட்டிங் அடங்காது. அதனால் அஞ்சலிப் படத்தில் கீறலை எடுத்து முகத்தைத் தெளிவாக்குவதற்கு லேபிள் வேண்டாம். வேட்டி கட்டி நின்றவருக்குக் கோட் மாட்டி, அவர் போகாத மேடையில் நிறுத்தினால் கதை வேறு. அப்பா பேசும் வீடியோவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

லேபிள் ஒட்டும் கடமை நேரடியாக ஏஐ கருவி தருகிறவர்களுக்கும் சமூக ஊடகத் தளங்களுக்கும்தான். 50 லட்சத்துக்கு மேல் பதிவுப் பயனர்கள் உள்ள பெரிய தளங்கள், ஏற்றுகிறவரிடமே "இது செயற்கையா?" என்று கேட்டு வாங்க வேண்டும். ஏற்றுகிறவர் நீங்களோ உங்கள் வாடிக்கையாளரோதான். நீதிமன்றமோ அரசோ நீக்கச் சொன்னால் தளத்துக்கு இருந்த 36 மணி நேரம் இப்போது 3 மணி நேரம். அதனால் தளங்கள் ஆராய்ந்துகொண்டிருக்காமல் முதலில் தூக்கிவிடவே பார்க்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். மற்றவர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பல்ல என்கிற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவுப் பாதுகாப்பு, தளம் போன்ற இடைநிலையாளருக்கு மட்டும்தான். செய்துகொடுத்த கடைக்கு அந்தக் குடை கிடையாது.

நடைமுறையில் லேபிள் கெடுகிற இடம் வாட்ஸ்அப். ஏஐ கருவி கோப்புக்குள் பதிக்கிற மறைவுக் குறிப்பு (மெட்டாடேட்டா), படமாக அனுப்பும்போது உரிந்துபோகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அப்படியே. மூலையில் பொடி எழுத்தில் போட்ட லேபிளை ஸ்டேட்டஸுக்காக வெட்டுகிறவர் தன்னை அறியாமலே வெட்டிவிடுவார். அதனால் 'ஏஐ மூலம் உருவாக்கப்பட்டது' என்று தமிழில், முகத்துக்கு அருகே, வீடியோ முழுதும் ஓடும்படி படத்துக்குள்ளேயே அழியாமல் பதித்துவிடுங்கள். குரல் பதிவென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பி, ஒரு படியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் வேலைக்கு வருவோம். தேர்தல் ஆணையம் அரசமைப்பு வழிவந்த தனி அமைப்பு, அரசின் துறை அல்ல. ஆனால் அதன் கட்டளைதான் இருப்பதில் கறாரானது. 2025 அக்டோபர் 24 உத்தரவுப்படி, பிரசாரத்தில் வரும் செயற்கைப் படத்தில் லேபிள் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்கு 8 அடி பிளெக்ஸ் என்றால் 8 சதுர அடி. வீடியோவில் அது மேல்பட்டையில் வர வேண்டும். ஒரு நிமிடக் குரல் பதிவில் முதல் 6 விநாடி அதற்கே போய்விடும். ஒருவர் சம்மதமில்லாமல் அவர் முகத்தையோ குரலையோ திரித்து வாக்காளரை ஏமாற்றும்படி செய்யக் கூடாது. யார் செய்தது, எப்போது செய்தது என்ற பதிவைக் கட்சி வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் ஏறப்போவது உங்கள் கடைப் பெயர்தான்.

இதோடு 1951-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவும் சேர்ந்துகொள்ளும். தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு படி வாங்கி, ஒன்றைப் போஸ்டரோடு சேர்த்துக் கொக்கிரகுளத்தில் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏஐ-யைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற கடைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்தப் பழைய பிரிவில்தான்.

அடுத்தது வாடிக்கையாளர் தரவு. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வரும். சொந்த வீட்டு உபயோகத்துக்கு விலக்குண்டு, காசு வாங்கும் கடைக்கு இல்லை. கல்யாண ஆல்பம் முழுவதையும் வெளிநாட்டு ஏஐ தளத்தில் ஏற்றுமுன் எதற்காக ஏற்றுகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அறிவிப்பைத் தமிழில் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம். சடங்கு வீட்டு ஆல்பங்களுக்கு இது அப்படியே பொருந்தும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அது பெரிய கம்பெனிகளை மனதில் வைத்துச் சொன்ன உச்சவரம்பு, பயந்து கடையைச் சாத்த வேண்டியதில்லை. ஆர்டர் நோட்டில் ஒரு பத்தி அச்சிட்டுக் கையெழுத்து வாங்கினால் பாதிச் சோலி முடிந்தது: எந்தப் படங்கள், எந்தக் கருவி, எத்தனை நாளில் அழிப்போம், இறந்தவர் படமென்றால் வாரிசு யார்.

நீங்கள் செய்யாத படத்தை உங்கள் பெயரில் யாராவது பரப்பினால்? விதி டெல்லியில் இருந்தாலும் போலீஸ் மாநிலத்துக்கு உரியது. பண மோசடி என்றால் உடனே 1930-க்குப் போன். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றத் தளத்திலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார். மாநகர எல்லைக்கும் மாவட்டத்துக்கும் போலீஸ் நிர்வாகம் தனித்தனி, மாற்றிப் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். சாட்சியத்துக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண், கேட்பார்கள். ஃபார்வர்டு ஆன கோப்பு மறுபடி சுருக்கப்பட்டிருந்தால் அந்த எண் ஒத்துப்போகாது. மூலக் கோப்பை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகவும்தான்.

அரசு காசு போடுகிற பக்கமும் ஒன்று இருக்கிறது. 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ மிஷனுக்கு ஐந்தாண்டுக்கு 10,371.92 கோடி ரூபாய். அதில் வரும் மானிய விலை ஜிபியு (ஏஐ கணக்கீட்டுச் சிப்) மாடல் பயிற்றுவிக்கிறவர்களுக்கானது, உங்கள் கடைக்கு அதில் வேலையில்லை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான பாஷிணி கொஞ்சம் உதவும், சம்மதப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் பார்க்கலாம். ஆனால் பேச்சை எழுத்தாக்க நம்பாதீர்கள். எழுத்துத் தமிழை வாசித்துப் பழகிய கருவிகள் "சொல்லுதாவ, வருதாவ" என்றால் தடுமாறும். சம்மதப் பத்தியில் யார் சொன்னது என்பதே மாறிப்போனால் அந்தக் கையெழுத்தால் பயனில்லை.