டாக்சிக் கட்டணத்தை வருமான வரியில் கழிக்கலாமா?

வணக்கம். சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு வேலைக்குச் சென்றுவரும் எம்ஆர்டி ரயில் கட்டணம், வாடிக்கையாளரைப் பார்க்கப்போன டாக்சிக் கட்டணம், அலுவலகத்துக்கென வாங்கிய காலணி ஆகிய மூன்றையும் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்சிக் கட்டணத்தை மட்டும், அதுவும் நிறுவனம் அதை உங்களுக்குத் திருப்பித் தராதிருந்தால், கழிக்கலாம். செலவு முழுக்க முழுக்க வருமானம் ஈட்டும் பணிக்காகவே ஆகியிருக்க வேண்டும் என்பதே உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் அளவுகோல். வீட்டிலிருந்து அலுவலகம் செல்வதும் உடுத்துவதும் அதன் கணக்கில் சொந்தச் செலவுகளே. சொந்தக் கார் வைத்திருப்போருக்கு இது இன்னும் கசக்கும்: வாடிக்கையாளரைப் பார்க்கவே ஓட்டியிருந்தாலும் பெட்ரோல், இஆர்பி எனும் சாலைக் கட்டணம், பார்க்கிங் எதையும் கழிக்க முடியாது. டாக்சி ரசீதின் பின்புறத்தில் யாரைச் சந்தித்தீர்கள் என்று அன்றே குறித்து, 5 ஆண்டுகள் வைத்திருங்கள். அந்தத் தாளில் எழுத்து மங்கிவிடும் என்பதால் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.