நுரை காய்வதற்குப் பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 61. கோவையில் இருக்கிறேன். பிரஷ், வட்ட ஷேவிங் சோப், இருபுறமும் கூரான பிளேடு போட்ட ரேசர் என்று பழைய முறையில்தான் சவரம் செய்துகொள்கிறேன். வலது கன்னத்தை முடிப்பதற்குள் இடது கன்னத்து நுரை காய்ந்து பொருக்குத் தட்டிவிடுகிறது. இரண்டாவது தடவைக்கு மறுபடி சோப்பைத் தேய்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வைப்போம். கடைக்காரர் 4,000 ரூபாய்க்கு ஒரு பேட்ஜர் பிரஷ்ஷைக் காட்டி, இதை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கிற பிரஷ்ஷே போதும். நாளைக் காலையில் ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீரை எடுத்துவைத்து அதில் நுரை கட்டிப் பாருங்கள்.

போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். இரண்டும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடும். குளிக்கும் வாளியின் உள்பக்கம் வளையமாகப் படிகிறதே, அதுதான். நீங்கள் தேய்க்கிற சோப்பில் ஒரு பங்கு இப்படித் திப்பியாகப் போய், மிச்சம்தான் நுரையாகிறது. அந்த நுரைக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பலம் கிடையாது, அதனால்தான் சீக்கிரம் காய்கிறது. தண்ணீரில் இந்த இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். நம் நாட்டுக் குடிநீர் தரத்தின்படி அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 600 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். குடிப்பதற்குச் சம்மதித்த தண்ணீர் என்பதால் சோப்புக்கும் ஒத்துவரும் என்று நினைத்துவிடாதீர்கள். 38 வருடமாக சலூன் வைத்திருக்கிறேன். லாரித் தண்ணீர் மாறி வந்த நாளை நான் கிண்ணத்து நுரையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

அந்த ஒரு டம்ளர் பிரஷ்ஷை நனைக்கவும் நுரை கட்டவும் மட்டும். முகம் கழுவ, ரேசரை அலச, போர் தண்ணீரே போதும். ஆனால் முகத்தைக் கழுவிவிட்டு நுரை போடுவதற்கு முன்னால் ஒரு கை நல்ல தண்ணீரைத் தடவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கைப்பழக்கம். நனைத்த பிரஷ்ஷை லேசாக உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பெரும்பாலானவர்கள் பத்து விநாடியில் நிறுத்திவிடுகிறார்கள். சோப்பு குறைவாக எடுத்தால் நுரை சீக்கிரம் செத்துப்போய், மறுபடி மறுபடி தேய்க்க வேண்டிவரும், கடைசியில் அதிகச் சோப்புதான் செலவாகும். பிறகு கிண்ணத்தில் அடிக்கும்போது பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, நாலைந்து சொட்டாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கெட்டித் தயிர் போல, மேலே ஒரு பளபளப்போடு நிற்க வேண்டும். பெரிய பெரிய குமிழி தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் சோப்பு எடுங்கள். பசை மாதிரி இழுத்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

முகம் முழுவதும் ஒரேயடியாகப் பூசாதீர்கள். ஒரு கன்னத்துக்குப் போட்டு மழியுங்கள், அப்புறம் மறு கன்னம், கடைசியில் மேவாயும் மீசைப் பகுதியும். முகத்தில் மெல்லிய பூச்சாகக் கிடக்கிற நுரை காற்றுப்பட்டதும் காயும். பிரஷ்ஷுக்குள் இருக்கிற நுரை காயாது. உங்கள் சேமிப்பு பிரஷ்ஷின் அடிவயிற்றில்தான் இருக்கிறது. முதல் தடவை முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவிவிடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நுனியில் சில சொட்டுத் தண்ணீர் தொட்டு முகத்திலேயே சுழற்றினால் எதிர் ஷேவுக்கு, அதாவது முடி வளர்கிற திசைக்கு எதிராக மழிக்கிற இரண்டாவது தடவைக்குத் தேவையான நுரை அதிலிருந்தே எழும்பும். இடையில் காய்ந்துவிட்ட இடத்தில் ரேசரை வைக்காதீர்கள், எரிச்சலும் வெட்டும் அங்கேதான் வரும். ஈரப் பிரஷ்ஷால் ஒரு முறை தடவிவிட்டு மழியுங்கள். கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று செய்கிறவர் என்றால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது அந்தப் பிரஷ். பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு; அதன் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பன்றி முடிக்குச் சாயப்பட்டை போட்டு, பார்வைக்கு அதைப் போலவே ஆக்கி விற்பதும் உண்டு. பெட்டியை மட்டும் பார்த்து வாங்குகிற சாதாரண ஆளுக்கு எது எதுவென்று தெரிய வழியே இல்லை. சோப்பிலும் இதே கதைதான். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் நிறைய இருக்க வேண்டும், நுரையை நிற்கவைப்பது அது. உறையில் பார்க்கலாம் என்றால், உள்ளடக்கத்தை எறும்பு போன்ற ஆங்கில எழுத்தில் அச்சிடுகிறார்கள். தமிழ்நாட்டில் விற்கிற பொருளில் நாலு வரி தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடுவதற்கு இத்தனை வருடமாக ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிரஷ்காரரை விட மோசமான ஆட்கள் தண்ணீர்க் கருவி விற்பவர்கள். போர் தண்ணீர் உப்பு என்று நீங்கள் வெளியில் சொன்னால் போதும், வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என் கடைக்கும் ஒருவர் வந்தார். இரண்டு கம்பி நீட்டிய ஒரு கருவியை டம்ளருக்குள் விட்டு மின்சாரம் கொடுத்தார். தண்ணீர் பழுப்பாகித் திரண்டது. இத்தனை அழுக்கைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்று பயமுறுத்தினார். அது அழுக்கே இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து, அந்த இரும்புக் கம்பியே கரைந்து வருகிற துரு. அவர் பக்கத்தில் வைத்த வடிகட்டிய தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே இருக்கும். குழாயில் காந்தம் மாட்டச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். காந்தம் மாட்டியதால் தண்ணீரிலுள்ள கால்சியம் குறையாது. டிடிஎஸ் மீட்டரைக் காட்டினாலும் மயங்காதீர்கள், அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. நீங்களே சோதிக்கலாம்: ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் சிறுவாணி, இரண்டிலும் சோப்புக் கரைசல் ஐந்து சொட்டு விட்டுக் குலுக்குங்கள். எதில் திப்பி மிதக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

காய்ச்சினால் சரியாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சில வீட்டில் ஆகும், சில வீட்டில் ஆகாது. கடினத்தன்மை பைகார்பனேட் உப்பால் வந்தது என்றால், பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தபின் அது வெள்ளையாகப் பாத்திரத்தின் அடியில் படியும். ஆறவைத்து மேலாக இறுத்து எடுத்தால் நுரை நன்றாக வரும். சல்பேட், குளோரைடு உப்பால் வந்தது என்றால் எவ்வளவு கொதித்தாலும் போகாது, கேஸ்தான் வீண். இரண்டும் கலந்திருந்தால் பாதிதான் குறையும். குளிக்கிற அளவுக்கு வெதுவெதுப்பாகச் சூடாக்குவது இதில் சேர்த்தியே இல்லை, கொதிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிறதா என்று பாருங்கள், படிந்தால் முயற்சி செய்யலாம். சிறுவாணி வராத நாளுக்கு இது உதவும்.

முடிந்ததும் பிரஷ்ஷை டம்ளரில் மிஞ்சிய தண்ணீரிலேயே அலசி, உதறி, காற்றாட வையுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் இடது கன்னம் காய்ந்தால் மறுபடி எழுதுங்கள். எந்த சோப் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.