சூடானதும் மூன்றாவது குண்டு விலகுகிறதா?

ரெமிங்டன் 700 ரைஃபிளுக்குப் புது மர ஸ்டாக் (பேரலைத் தாங்கும் கட்டை) போட்டதும், பேரல் சூடானால் மூன்றாவது குண்டு மேலே விலகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுப் புதுப் பேரல் வாங்கிவிடாதீர்கள், மரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே கொடுத்து ரிசீவர் (பேரல் பொருந்தும் உலோக உடல்) வரை இழுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் முட்டுகிறது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, கட்டாயம் வார்னிஷ் பூசுங்கள். வெறும் மரம் ஈரம் குடித்து மறுபடி உப்பும்.

சரி, நோட்டு தடையில்லாமல் போகிறதா? ஸ்டாக் நுனியையும் பேரலையும் சேர்த்துத் தொட்டபடி முன் ஆக்‌ஷன் திருகைத் (ஆக்‌ஷனை, அதாவது ரிசீவர் பகுதியை, ஸ்டாக்கோடு பிணைப்பது) தளர்த்துங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் பெட்டிங்தான் (ரிசீவர் ஸ்டாக்கில் உட்காரும் விதம்) கோளாறு. எபாக்ஸி பெட்டிங் செய்யுங்கள், அதாவது அந்த இடைவெளியை எபாக்ஸிப் பசையால் நிரப்புங்கள், ஆனால் ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) தடவ மறந்தால் ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு ஒட்டிக்கொள்ளும்.