சுக்கு எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: உடம்பு இளைக்கும் என்று கேள்விப்பட்டு, தினமும் வெறும் வயிற்றில் சுக்குத் தண்ணீர் குடிக்கிறேன். இப்போது நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். என் மாமியாரும் அதையேதான் குடிக்கிறார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: முதலில் சுக்கை நிறுத்துங்கள், அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

சுக்கு உஷ்ண வீரியம் உள்ளது, அதாவது உடம்பில் சூட்டை ஏற்றும். வாதத்தையும் கபத்தையும் அடக்கும். சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, பசியே எடுப்பதில்லை, சளி கட்டுகிறது என்பவர்களுக்குத் தயங்காமல் கொடுப்பேன். உங்கள் மாமியாருக்கு அப்படிப்பட்ட உடம்பாக இருக்கலாம். உங்களுக்கோ பித்தம் ஏறி நிற்கிறது. அதன்மேல் வெறும் வயிற்றில் சுக்கு என்றால் எரியத்தான் செய்யும். ‘பாவப்பிரகாசம்’ என்ற ஆயுர்வேத நூல் இஞ்சியை உணவுக்கு முன் உப்போடு சாப்பிடச் சொல்லிப் புகழ்கிறது. அதே நூல் ரத்தபித்தம் (உடம்பிலிருந்து ரத்தம் கசியும் நோய்), புண், எரிச்சல் உள்ளவர்களுக்கும் கோடைக்காலத்துக்கும் அது ஆகாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் தீராத வருத்தம்.

எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு, வயிறு மந்தமாக இருக்கும் நாளில் மட்டும், சாப்பாட்டின் முதல் கவளத்தில் ஒரு சிட்டிகை சுக்குத்தூளை நெய்யோடு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். நெய் பித்தத்தைத் தணிக்கும். நல்ல செரிமானம் உள்ளவர்களுக்கே ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் போதும். தோலைச் சீவிய பிறகே இடியுங்கள். ‘சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு’ என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எடை குறைய சுக்குத் தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம். நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் எரிச்சல் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது உணவு சிக்கினாலோ, மலம் கறுத்துப் போனாலோ அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: இஞ்சி காய்ந்தால் சுக்கு. அப்புறம் குணம் மட்டும் எப்படி மாறும்?

பதில்: காயும்போது இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருளில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அதற்குக் காரம் அதிகம். ஆயுர்வேதமும் இஞ்சியைச் செரிக்கக் கனமானது என்றும், சுக்கை லேசானது என்றும் பிரித்தே வைத்திருக்கிறது. மிளகு, திப்பிலியோடு சம அளவில் சேர்த்துத் திரிகடுகம் செய்யும்போது சுக்குதான் சேர்ப்போம், இஞ்சி அல்ல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் இரண்டில் எதையும் மருந்து அளவில் எடுக்கும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.