'எட்டு'க்கும் 'எய்ட்'டுக்கும் உறவு உண்டா?

கேள்வி: தமிழில் ஒன்று, எட்டு, ஆங்கிலத்தில் ஒன், எய்ட். ஒலி இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே, இவை தமிழிலிருந்து போன சொற்கள்தானா?

இல்லை. பள்ளியில் படிக்கும்போது இதே மாதிரிச் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தவன் நான். அந்தப் பட்டியலின் மேல் முதல் சந்தேகத்தைக் கிளப்பியவர் பெங்களூரில் ஒரு காய்கறிக் கடைக்காரர். எட்டு ரூபாயை அவர் கன்னடத்தில் "எண்ட்டு ரூபாய்" என்றார். அந்த 'ண்' எங்கிருந்து வந்தது என்று வழியெல்லாம் யோசித்தேன். அப்புறம்தான் அது நம்மிடமே இருப்பது உறைத்தது. எட்டுப் பத்து எண்பது. எட்டு நூறு எண்ணூறு. எட்டுத் திசை எண்டிசை. தெலுங்கில் எனிமிதி. ஆக, நம் எட்டுக்கு வேர் 'எண்'.

சரி, ஆங்கிலத்தின் பக்கம் வருவோம். எய்ட் என்று எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் என்று ஒலிக்காத இரண்டு எழுத்துகள் வரும். ஒரு காலத்தில் அவை தொண்டையிலிருந்து 'ஹ்' என்று ஒலித்தவை. ஜெர்மனில் இன்றும் 'ஆஹ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. இவையெல்லாம் ஒரே மொழிக்குடும்பம். ஆக்டோபஸும் அஷ்டமியும் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

சொந்தமுள்ள சொற்கள் என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக நெருங்கி வரவேண்டும். எட்டும் எய்ட்டும் போகப் போக விலகுகின்றன. ஒன்றின் கதையும் இதேதான்: ஆங்கில 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்', லத்தீனில் 'ஊனுஸ்'.

தற்செயலாக இவ்வளவு பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயர் கொடுத்ததல்ல. பக்கத்து மொழியான யிடினியில் நாய் 'குடகா'. ம்பபரத்தில் சொல்லின் முதல் அசை உதிர்ந்து, மிச்சம் இப்படி ஆகிவிட்டது. மொழியியலாளர் டிக்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

உண்மையிலேயே தமிழிலிருந்து போன சொல் வேண்டுமென்றால் 'கட்டமரான்' இருக்கிறது. ஆங்கிலத்துக்குள் அதைப் பிரித்தால் ஒன்றும் கிடைக்காது. தமிழில் பிரித்தால் கட்டு, மரம் இரண்டும் தனித்தனியே கையில் நிற்கும். மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலில் இறக்கியவர்களின் சொல் அது. சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதும் அப்படித்தான். இவற்றுக்குச் சான்று உண்டு, போன வழி தெரியும். இவற்றோடு எட்டையும் ஒன்றையும் சேர்த்துப் பரப்பும்போது, கேட்பவர் கட்டுமரத்தையும் சேர்த்து நம்பாமல் போகிறார். அதுதான் எனக்கு வலிக்கிறது.

நமக்கு வந்து சேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல், போர்ச்சுகீசிய 'ஜனெலா'. அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் 'சிறு வாசல்'. நம் பழைய சொற்களில் ஒன்று காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைக் காட்டும்போது "மான்கட் காலதர்" என்கிறது. மானின் கண் போன்ற காற்றுவழி. ஆங்கில 'விண்டோ', வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'விண்டௌகா'விலிருந்து வந்தது. அதைப் பிரித்தால் விண்ட் காற்று, ஔகா கண். காலதருக்கும் விண்டோவுக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டாது. ஒன்று மற்றொன்றிலிருந்து கடன் வாங்கியதும் இல்லை. காவிரி கடலில் கலக்கும் ஊரிலும் வடகடலின் குளிரிலும் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தவர்களுக்குக் காற்றும் கண்ணும்தான் தோன்றியிருக்கின்றன. பள்ளி நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தை இன்று நிரப்பச் சொன்னால், இந்த இரண்டு சொற்களைத்தான் முதலில் எழுதுவேன்.